டெக்சாஸ் ஹெம்ப் மிட்டாய்: தடையா, கட்டுப்பாடா?

ஒரு வாசகரின் கேள்வி, மே 27, 2025

பிளேனோ பக்கம் இருக்கிறோம். வீட்டருகே இருக்கும் கேஸ் ஸ்டேஷனில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே டிஹெச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) கலந்த ஜெல்லி மிட்டாய், அதாவது கம்மீஸ், அடுக்கி வைத்திருக்கிறார்கள். பள்ளி விட்டு வரும் பையன்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். டெக்சாஸில் கஞ்சா சட்டவிரோதம்தானே? இது எப்படி நடக்கிறது? இப்போது மொத்தமாகத் தடை போட்டுவிட்டார்கள் என்று செய்தி பார்த்தேன். கதை முடிந்ததா? என்னைக் கேட்டால் தடைதான் சரி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மே 27, 2025, இரவு

முடியவில்லை. எஸ்பி 3 என்ற அந்த மசோதா இரண்டு அவைகளையும் தாண்டிவிட்டது, அது உண்மை. ஆனால் இனிமேல்தான் ஆளுநர் கிரெக் அபாட் முடிவு செய்யவேண்டும். ஜூன் 22 வரை அவகாசம். கையெழுத்துப் போடலாம், போடாமல் விட்டாலும் சட்டமாகிவிடும், வீட்டோவும் செய்யலாம்.

எப்படி விற்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். 2018 டிசம்பரில் வந்த மத்திய விவசாயச் சட்டம் கஞ்சாச் செடியை ஒரு எண்ணை வைத்து இரண்டாகப் பிரித்தது. உலர்ந்த எடையில் டெல்டா-9 டிஹெச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அது ஹெம்ப். தாண்டினால் கஞ்சா. அடுத்த வருடமே டெக்சாஸ் தன் பங்குக்கு எச்பி 1325 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. 2019 ஜூனில் அதில் கையெழுத்துப் போட்டவரும் இதே அபாட்தான். சாகுபடி விவசாயத் துறையின் பொறுப்பு, உட்கொள்ளும் ஹெம்ப் பொருட்கள் மாநில சுகாதாரத் துறையின் பொறுப்பு. தயாரிக்க லைசென்ஸ், விற்கப் பதிவு, லேப் சோதனை, சோதனை முடிவைப் பார்க்க லேபிளில் இணைய முகவரி, எல்லாம் அதில் உண்டு. வயது வரம்பு மட்டும் இல்லை. ஒரு மிட்டாயில் எத்தனை மில்லிகிராம் இருக்கலாம் என்றும் இல்லை.

நான் டல்லாஸ் பக்கம் உணவுச் சோதனை லேபில் வேலை பார்ப்பவன். எனக்கு இதில் பெரிய குறையாகத் தெரிவது அந்த 0.3 தான். வயலில் நிற்கும் செடிக்கு எழுதிய எண் அது. அதை மிட்டாய்க்குப் போட்டுப் பாருங்கள். 4 கிராம் ஜெல்லி மிட்டாயில் 0.3 சதவீதம் என்றால் 12 மில்லிகிராம் டிஹெச்சி. கொலராடோவில் கஞ்சாவே சட்டப்படி விற்கும் கடையில், 21 வயதுக்கு அடையாள அட்டை காட்டி வாங்குகிற மிட்டாயில், ஒரு வேளை அளவு 10 மில்லிகிராம்தான். அதாவது இங்கே கேஸ் ஸ்டேஷனில் கேட்பாரில்லாமல் கிடைப்பது அங்கே காவல் போட்டு விற்பதைவிடக் கூடுதலாக இருக்கலாம். 355 மி.லி. சோடா கேனுக்கு அதே கணக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும். அப்படி யாரும் தயாரிப்பதில்லை. தயாரித்தால் சதவீதக் கணக்கில் அதுவும் ஹெம்ப்தான்.

தடை சரியா என்பதைப் பிறகு எழுதுகிறேன். அவசரமாகச் சொல்ல மனம் வரவில்லை.

மே 29, 2025

டெல்டா-8 என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

டெல்டா-9 இன் நெருங்கிய உறவுக்கார மூலக்கூறு. போதை உண்டு, கொஞ்சம் குறைவு. செடியில் இயற்கையாக மிகமிகக் குறைவாகத்தான் இருக்கிறது. கடையில் இருப்பது சிபிடியிலிருந்து, அதாவது அதே செடியில் உள்ள போதை தராத பொருளிலிருந்து, செய்தது. சிபிடியைக் கரைப்பானில் கரைத்து, அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் மாறிவிடும். ரசாயனம் படித்த எவருக்கும் இது கடினமான வேலை இல்லை. கடினம் அதற்கப்புறம்தான்: அமிலம், கரைப்பான், கூடவே உருவாகிற மற்றப் பொருட்கள் எல்லாவற்றையும் நீக்கிச் சுத்தம் செய்யவேண்டும். மெஷினில் போட்டால் வரும் வரைபடத்தில் ஒவ்வொரு பொருளும் ஒரு சிகரமாகத் தெரியும்; டெல்டா-8 க்குப் பக்கத்தில் பெயரே தெரியாத சிகரங்கள் சில எழும்பி நிற்கும். அவை என்னவென்று கண்டுபிடிக்கச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு டெல்டா-8 மேல் உள்ள பயத்தில் பாதி அந்தப் பெயரில்லாத சிகரங்கள் மேல் உள்ள பயம்.

2021 அக்டோபரில் மாநில சுகாதாரத் துறை இது தடை செய்யப்பட்ட பொருள் என்று தன் இணையதளத்தில் போட்டது. ஆஸ்டினைச் சேர்ந்த ஹோம்டவுன் ஹீரோ நிறுவனம் வழக்குப் போட்டது, நவம்பரில் டிராவிஸ் கவுண்டி நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. அன்றிலிருந்து கடையில் இருக்கிறது. மூன்றரை வருடமாக ஒரு பொருள் இடைக்கால உத்தரவின் பேரில் விற்பனையாகிறது என்றால் சட்டம் எவ்வளவு ஓட்டையாக எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மே 29, இன்னொன்று

துணை ஆளுநர் டான் பேட்ரிக் நேற்று நிருபர்கள் முன் பாக்கெட்டுகளைப் பரப்பிக் காட்டியதைப் பற்றி ஒருவர் 'நாடகம்' என்று எழுதியிருக்கிறார். நாடகமாகவே இருக்கட்டும். அந்தப் பாக்கெட்டுகள் நிஜம். சிப்ஸ் பாக்கெட் போலவும் குழந்தைகள் சாப்பிடும் மிட்டாய் போலவும் அச்சடித்துப் போதைப்பொருள் விற்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. இதை அரசியலாக்காமல் எதிர்க்கலாம்.

ஜூன் 4, 2025

தடை பற்றி. கேள்வி கேட்டவர் சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். பையன்கள் கைக்குக் கிடைக்கக்கூடாது. அதற்கு மொத்தத் தடைதான் வழியா என்பதில்தான் எனக்குச் சங்கடம்.

என் அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வலி மாத்திரை அதிகம் சாப்பிட்டு வயிறு கெட்டுப்போய், சிபிடி எண்ணெய்க்கு மாறினார். ராத்திரி தூங்குகிறார். எண்ணெயால்தானா, நம்பிக்கையாலா என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் தூங்குகிறார். எஸ்பி 3 சிபிடியையும் அதுபோலப் போதை தராத சிபிஜியையும் விட்டுவைக்கிறது, மற்ற எந்தக் கன்னாபினாய்டும் (கஞ்சாச் செடிக்கே உரிய வேதிப்பொருட்கள்) எந்த அளவிலும் இருக்கக்கூடாது என்கிறது. 'எந்த அளவிலும்' என்ற இடத்தில்தான் சிக்கல். அம்மாவின் எண்ணெய் முழுச் செடிச் சாறு. அதில் துளியூண்டு டிஹெச்சி இருக்கத்தான் செய்யும்.

லேபில் 'சுழியம்' என்று எதையும் நாங்கள் எழுத மாட்டோம். 'கண்டறியும் அளவுக்குக் கீழே' என்றுதான் எழுதுவோம். மெஷின் நல்லதாக ஆக ஆக அந்த அளவு கீழே போகும். போன வருடம் 'இல்லை' என்று வந்த அதே பாட்டில் புது மெஷினில் 'இருக்கிறது' என்று வரும். பாட்டில் மாறவில்லை, ஆனால் அதை வைத்திருப்பவர் குற்றவாளி ஆகிவிடுவார். எண் இல்லாமல் சட்டம் எழுதினால் இப்படித்தான்.

முன்னாள் ராணுவத்தினர் பலர் இந்த மசோதாவை எதிர்க்கிறார்கள். அவர்களின் டெக்சாஸ் விஎஃப்டபிள்யூ அமைப்பே வெளிப்படையாக எதிர்த்தது. அவர்களைப் போதைக்காரர்கள் என்று ஒதுக்கிவிட்டுப் பேச எனக்கு மனம் இல்லை. வலியும் தூக்கமின்மையும் என்னவென்று வீட்டில் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 13, 2025

"க்யூஆர் கோடு இருக்கிறதே, ஸ்கேன் செய்தால் லேப் ரிப்போர்ட் வருகிறதே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்டவருக்கு. இது எனக்கு நெருக்கமான விஷயம், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

லேபுக்கு சாம்பிளை அனுப்புவது தயாரிப்பாளர். பணம் கட்டுவதும் அவரே. எந்த லேப் என்று முடிவு செய்வதும் அவரே. கடையிலிருந்து யாரும் எடுத்து அனுப்புவதில்லை. நல்ல பேட்ச் ஒன்றை அனுப்பிச் சான்றிதழ் வாங்கிவிட்டு, வேறு பேட்ச்சில் அதே சான்றிதழை ஒட்ட முடியும். அதற்குத்தான் பேட்ச் எண்ணைப் பார்க்கவேண்டும் என்று சொல்கிறேன். பாக்கெட்டில் இருக்கும் எண்ணும் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்த ரிப்போர்ட் உங்கள் பாக்கெட்டைப் பற்றியதே அல்ல.

சில வாடிக்கையாளர்கள் போனில் முதலில் கேட்பது விலை. இரண்டாவது, "உங்கள் லேபில் டெல்டா-9 எவ்வளவு வரும்?" என்று. சாம்பிள் வருவதற்கு முன்பே! வந்தபின் பார்க்கலாம் என்றால் போனை வைத்துவிடுவார்கள். வேறு எங்கோ அவர்களுக்குப் பிடித்த எண் கிடைக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். நேர்மையாக அளக்கும் லேபுக்கு வேலை குறைகிறது. இந்தத் தொழிலில் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ரிப்போர்ட்டில் இன்னும் என்ன பார்க்கலாம்: தேதி பழசா. டெல்டா-9 மட்டுமா, டிஹெச்சிஏவும் (அது என்னவென்று கீழே சொல்கிறேன்) இருக்கிறதா. பூச்சிமருந்து, ஈயம், காட்மியம், மிச்சக் கரைப்பான் எல்லாம் சோதித்திருக்கிறார்களா, அல்லது வீரியம் மட்டுமா. டெல்டா-8 பொருளுக்கு மிச்சக் கரைப்பான் சோதனை இல்லை என்றால் நான் தொடமாட்டேன்.

டிஹெச்சிஏ பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சைச் செடியில் டிஹெச்சி பெரும்பாலும் அமில வடிவில்தான் இருக்கும், அதுதான் டிஹெச்சிஏ. அப்படியே தின்றால் போதை இல்லை. நெருப்பு பட்டதும் கரியமிலவாயு பிரிந்து டெல்டா-9 ஆகிவிடும். எடையில் 0.877 பங்கு மிஞ்சும். அறுவடைக்கு முன் வயலில் எடுக்கும் சாம்பிளில் இரண்டையும் கூட்டித்தான் பார்க்கிறார்கள். கடைக்கு வந்த பொருளில் டெல்டா-9 ஐ மட்டும் பார்க்கிறார்கள். 20 சதவீதம் டிஹெச்சிஏ உள்ள பூ 'ஹெம்ப்' என்ற பெயரில் கண்ணாடி ஜாடியில் உட்கார்ந்திருப்பது இந்த இடைவெளியில்தான். பற்றவைத்தால் அது சாதாரணக் கஞ்சா.

ஜூன் 23, 2025

நேற்று நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் அபாட் வீட்டோ செய்துவிட்டார். மத்திய சட்டம் அனுமதிக்கும் ஒன்றை மாநிலம் குற்றமாக்கினால் நீதிமன்றத்தில் சிக்கும், ஆர்கன்சாவின் தடைச் சட்டம் அப்படித்தான் முடங்கிக் கிடக்கிறது என்பது அவர் சொல்லும் காரணம். மதுவைப் போல இதையும் கட்டுப்படுத்துங்கள் என்று சொல்லிச் சிறப்புக் கூட்டத்தொடர் ஒன்றையும் அறிவித்திருக்கிறார். 21 வயது, பள்ளிக்கு அருகே கூடாது, சோதனை, லேபிள் என்று பட்டியலே போட்டிருக்கிறார்.

எனக்கு நிம்மதி. ஆனால் ஒன்று: இன்றைய தேதியில் தடையும் இல்லை, வயது வரம்பும் இல்லை. கேள்வி கேட்டவரின் கேஸ் ஸ்டேஷனில் எதுவும் மாறவில்லை.

ஜூன் 25, 2025

மேலே ஆர்கன்சா என்று எழுதினேன் அல்லவா. நேற்று எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த இடைக்காலத் தடையை நீக்கிவிட்டது. மாநிலம் விரும்பினால் மத்திய சட்டத்தைவிடக் கடுமையாகப் போகலாம் என்பதுதான் சாரம். வீட்டோவுக்கு இரண்டே நாள் கழித்து. இனி "மத்திய சட்டம் தடுக்கிறது" என்ற வாதத்தை மட்டும் நம்பி யாரும் கட்டுப்பாட்டுக்காகப் பேச முடியாது. கட்டுப்பாடு ஏன் நல்லது என்பதையே பேசவேண்டும்.

ஜூலை 19, 2025

சில நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த விஷயம். குழந்தையின் பெற்றோரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

நண்பர் வீட்டில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் கூடியிருந்தோம். வெளியூரிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் தூக்கத்துக்காக ஹெம்ப் மிட்டாய் வைத்திருந்தார். கைப்பை சோபாவில் திறந்து கிடந்தது. நாலு வயதுப் பெண் குழந்தை எடுத்துத் தின்றுவிட்டாள். எத்தனை தின்றாள் என்று யாருக்கும் தெரியாது. உடனே ஒன்றும் ஆகவில்லை, அதுதான் இதில் ஏமாற்றுகிற பகுதி. வயிற்றில் போய் வேலை செய்ய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகலாம். விளையாடிக்கொண்டிருந்தவள் நடக்கும்போது தள்ளாடினாள். விளையாட்டு என்று நினைத்தோம். அப்புறம் வாந்தி. அப்புறம் எழுப்பினால் கண் திறக்கவில்லை.

அவசரப் பிரிவில் முதலில் கேட்டது "என்ன சாப்பிட்டாள்?" உறவினர் சொல்லத் தயங்கினார். பயம்தான், வேறொன்றுமில்லை. போலீஸ் வருமோ, விசாவுக்குப் பிரச்சினையாகுமோ என்று. அந்தத் தயக்கத்தில் நேரம் போனது. சொல்லாமல் இருந்திருந்தால் மூளைக்காய்ச்சலா, தலையில் அடியா என்று குழந்தையை ஸ்கேனுக்கும் முதுகுத்தண்டு ஊசிக்கும் கொண்டுபோயிருப்பார்கள். அவர் மனைவிதான் பையைக் கொண்டுவந்து கொட்டினார். பாக்கெட்டில் ஒன்றுக்கு 25 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. டெல்டா-8 ஆ, 9 ஆ, இரண்டும் கலந்ததா என்று தெளிவாக இல்லை. டாக்டர் கேட்டார் என்று நான் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தேன். பக்கம் இல்லை என்று வந்தது. லேபில் ரிப்போர்ட் எழுதுகிறவன் அங்கே நின்றுகொண்டு திறக்காத பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி முழுக்கக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். மறுநாள் மதியம் பசிக்கிறது என்றாள். இப்போது நன்றாக இருக்கிறாள்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. மத்திய உணவு மருந்து நிர்வாகத்தின் கணக்கில், 2021 ஜனவரியிலிருந்து 2022 பிப்ரவரி வரை நச்சுத் தகவல் மையங்களுக்கு டெல்டா-8 தொடர்பாக மட்டும் 2,362 அழைப்புகள் வந்திருக்கின்றன, அதில் 41 சதவீதம் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். ஒரு குழந்தை இறந்தும் இருக்கிறது.

எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 1-800-222-1222. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், இலவசம். மூச்சில் மாற்றம் தெரிந்தாலோ எழுப்ப முடியாவிட்டாலோ 911. டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்.

ஜூலை 20, 2025

"இவ்வளவு நடந்தபின்னும் தடை வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேள்வி கேட்டவரே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்தபோது கேட்டிருந்தால், எல்லாவற்றையும் கொளுத்துங்கள் என்று சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்தக் குழந்தையைக் காப்பாற்றியிருக்கக்கூடியவை என்னென்ன? குழந்தையால் திறக்க முடியாத மூடி. மிட்டாய் போலத் தெரியாத உறை. ஒன்றுக்கு 25 க்குப் பதில் 5 மில்லிகிராம். திறக்கிற க்யூஆர் பக்கம். இவை எல்லாம் கட்டுப்பாட்டில்தான் வரும். தடை போட்டால் இதே பொருள் தபாலில் வரும், லேபிளே இல்லாமல் வரும், உறவினர் இன்னும் அதிகம் பயந்திருப்பார். பயம்தான் அன்று நேரத்தைத் தின்றது.

இது என் முடிவு. இதில் எனக்குச் சந்தேகம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 18, 2025

கூட்டத்தொடர் நிலவரம் கேட்டவர்களுக்கு. முதல் சிறப்புக் கூட்டத்தில் செனட் எஸ்பி 5 என்று மறுபடி தடையைக் கொண்டுவந்தது. தொகுதி மறுவரையறைச் சண்டையில் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் மாநிலத்தைவிட்டே போனதில் எல்லாம் நின்றது. இப்போது இரண்டாவது கூட்டம், எஸ்பி 6. உள்ளே இருப்பது பழைய எஸ்பி 3 தான்.

மினசோட்டா மாநிலத்தின் மினியாபோலிஸிலிருந்து ஒருவர் எழுதியிருப்பதைப் படித்தீர்களா? அவர்கள் ஊரில் 2022 ஜூலை 1 முதலே ஹெம்ப் மிட்டாய்க்கு ஒரு வேளைக்கு 5 மி.கி., ஒரு பாக்கெட்டுக்கு 50 மி.கி. என்று வரம்பு. 21 வயது. குழந்தை திறக்க முடியாத உறை. கார்ட்டூன் படம் கூடாது. மதுக்கடையிலேயே டிஹெச்சி பானம் விற்கிறார்கள், வரி வாங்குகிறார்கள். அந்த வரியைக்கூட இந்த ஜூலையில் 10 லிருந்து 15 சதவீதமாக்கிவிட்டார்கள். நான் வேண்டும் என்று கேட்பதில் பெரும்பகுதி அங்கே ஏற்கெனவே சட்டம். சதவீதத்தை விட்டு மில்லிகிராமுக்கு வந்ததுதான் அவர்கள் செய்த புத்திசாலித்தனம். வாங்குகிறவருக்கும் புரியும், டாக்டருக்கும் புரியும், லேபுக்கும் அளக்க எளிது.

செப்டம்பர் 11, 2025

இரண்டாவது கூட்டமும் ஹெம்ப் விஷயத்தில் ஒன்றும் செய்யாமல் கலைந்தது. நேற்று அபாட் நிர்வாக உத்தரவு போட்டுவிட்டார், ஜிஏ-56. 21 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது, அடையாள அட்டை பார்க்கவேண்டும், மதுபான ஆணையமும் சுகாதாரத் துறையும் விதி எழுதவேண்டும். ஆறு வருடம் கழித்து வயது வரம்பு வந்திருக்கிறது.

இதற்கிடையில் செப்டம்பர் 1 முதல் இரண்டு மாற்றம். கன்னாபினாய்டு உள்ள வேப் பேனா விற்பது குற்றம் (எஸ்பி 2024). மாநிலத்தின் மருத்துவக் கஞ்சாத் திட்டத்தில் நாள்பட்ட வலியையும் சேர்த்துவிட்டார்கள், லைசென்ஸ் எண்ணிக்கை 3 லிருந்து 15 ஆகிறது (எச்பி 46). அம்மாவுக்கு அது பயன்படுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 12, 2025

வேலை, விசா, பயணம் பற்றி வந்த கேள்விகளுக்கு மொத்தமாக.

ஆபீஸில் சிறுநீர்ச் சோதனை உண்டென்றால் எதையும் சாப்பிடாதீர்கள். சோதனை பார்ப்பது டிஹெச்சி உடலில் உடைந்து வரும் பொருளை. அது ஹெம்பிலிருந்து வந்ததா, கஞ்சாவிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. டெல்டா-8 சாப்பிட்டாலும் பாசிட்டிவ் வரும். லாரி ஓட்டுகிறவர்களுக்குப் போக்குவரத்துத் துறை தெளிவாகவே சொல்லியிருக்கிறது: சிபிடி சாப்பிட்டேன் என்பது சமாதானமாக ஏற்கப்படாது.

எச்-1பி, கிரீன் கார்டு வரிசையில் இருப்பவர்கள் மருத்துவப் பரிசோதனையில் போதைப் பழக்கம் பற்றிக் கேள்வி வரும் என்பதை நினைவில் வையுங்கள். மாநிலம் அனுமதித்தாலும் குடியேற்றத் துறை பார்ப்பது மத்திய சட்டத்தை. வக்கீலிடம் கேட்காமல் இந்த இழையை வைத்து முடிவெடுக்காதீர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சென்னைக்கு எடுத்துப் போகலாமா? கூடாது. இந்தியாவில் 1985 ஆம் வருட போதைப்பொருள் சட்டம் இருக்கிறது. டெக்சாஸ் ரசீதைக் காட்டி அங்கே பேச முடியாது. சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் பையை இரண்டு முறை தேடிவிட்டுக் கிளம்புங்கள்.

நவம்பர் 14, 2025

இதுவரை எழுதியதெல்லாம் மாநிலத்துக்குள் நடந்த சண்டை. இப்போது வாஷிங்டன் மேலே வந்து விழுந்திருக்கிறது. அரசு முடக்கத்தை முடித்துவைத்த நிதி மசோதாவில் ஹெம்ப் பற்றி ஒரு பகுதியைச் சேர்த்துவிட்டார்கள், 12 ஆம் தேதி டிரம்ப் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு வருடம் கழித்து, 2026 நவம்பரில் அமலுக்கு வரும். இனி டெல்டா-9 மட்டுமில்லை, டிஹெச்சிஏ உட்பட மொத்த டிஹெச்சியும் கணக்கு. செடிக்கு வெளியே செய்த டெல்டா-8 போன்றவை ஹெம்பே அல்ல. கடைக்கு வரும் பொருளில் ஒரு டப்பாவுக்கு மொத்தம் 0.4 மில்லிகிராம்.

இதற்குப் பின்னால் நின்றவர் கென்டக்கி செனட்டர் மிட்ச் மெக்கானல். 2018 இல் ஹெம்பைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தவரும் அவரே. அந்த மசோதா அறிக்கையில் ஹெம்பால் செய்த பேனாவில் கையெழுத்துப் போட்டார். போதை மிட்டாய் விற்பதற்காக நான் அதைக் கொண்டுவரவில்லை என்கிறார், அது எனக்குப் புரிகிறது. அதே மாநிலத்தின் ராண்ட் பால் இந்தப் பகுதியை நீக்கப் பார்த்தார், 76 க்கு 24 என்று தோற்றது.

மில்லிகிராம் கேட்டேன், மில்லிகிராம் வந்துவிட்டது. ஆனால் அம்மாவின் 30 மி.லி. பாட்டிலை வைத்துப் பாருங்கள். எண்ணெய் ஏறக்குறைய 28 கிராம். பழைய 0.3 சதவீதப்படி அதில் 84 மி.கி. டிஹெச்சி வரை இருக்கலாம். புதுச் சட்டப்படி 0.4. ஒப்பிட இந்தியாவைப் பாருங்கள்: உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதை எண்ணெய்க்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 10 மி.கி., அதாவது இதே பாட்டிலுக்கு 0.28. விதையில் டிஹெச்சி சுரப்பதே இல்லை, தூசியாக ஒட்டியிருப்பதுதான். விதை எண்ணெய்க்கு அந்த வரம்பு பொருத்தம். பூவும் இலையும் சேர்ந்த முழுச் செடிச் சாற்றுக்கு ஏறக்குறைய அதே வரம்பைப் போட்டால் அது தடைதான், பெயர்தான் வேறு.

84 க்கும் 0.4 க்கும் நடுவில் எவ்வளவோ இடம் இருக்கிறது. மினசோட்டா நின்றது அங்கே. காங்கிரஸ் அந்த இடத்தை ஒரு வாரம் உட்கார்ந்து பேசியிருந்தாலே கண்டுபிடித்திருக்கும். நிதி மசோதாவின் வால்பகுதியில், முடக்கத்தை முடிக்கிற அவசரத்தில் முடிவு செய்திருக்கவேண்டிய விஷயம் இல்லை இது. எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நவம்பர் 30, 2025

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார், அந்தக் கேஸ் ஸ்டேஷனில் இப்போது பாக்கெட்டுகள் கல்லாவுக்குப் பின்னால் போய்விட்டனவாம், ஒரு கல்லூரிப் பையனிடம் ஐடி கேட்டதை நேரில் பார்த்தாராம். நல்லது. நம் ஊர் நிலவரம் அதுதான் என்று நினைக்கிறேன், எங்கள் பக்கமும் கேட்கிறார்கள்.

அம்மா விஷயம்: மருத்துவக் கஞ்சாத் திட்டம் வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அம்மா கிரீன் கார்டு. மாநிலத்தில் மருந்து என்றாலும் மத்திய சட்டத்தில் அது கஞ்சா. டிஹெச்சி இல்லாத தனிச் சிபிடி எண்ணெய் வாங்கிக் கொடுத்திருக்கிறோம், கூடவே பிசியோதெரபி. பழையது போல இல்லை என்கிறார்.

டிசம்பர் 6, 2025

இர்விங்கில் கடை வைத்திருக்கும் அன்பர், ஸ்டாக் என்ன செய்வது என்று கேட்டதற்கு.

ஒரு வருடம் இருக்கிறது என்று மொத்தமாக வாங்கிப் போடாதீர்கள். காங்கிரஸ் தேதியைத் தள்ளிவைக்கலாம், வைக்காமலும் போகலாம். உங்கள் பணத்தை அதில் பந்தயம் கட்டாதீர்கள். சப்ளையர் "வித்துவிடலாம் அண்ணே" என்று சொன்னால், விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுத்தில் வாங்குங்கள். பாக்கெட்டுக்கு 50 மி.கி. தாண்டியதை இப்போதே நிறுத்திவிடலாம், சட்டம் கேட்காவிட்டாலும். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்துக் கடையில் ஃபைல் போடுங்கள், க்யூஆர் பக்கம் எப்போது மறையும் என்று சொல்ல முடியாது. கவுண்டரில் நிற்கும் பையனுக்கு ஐடி பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். ரிப்போர்ட் படிப்பதில் சந்தேகம் இருந்தால் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பேட்ச் எண் தெரியும்படி.